ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சரளைச் சாலை

ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள சரளைச் சாலை போர்க்கால அடிப்படையில் சீரமைக்கப்படுவதால், பொதுமக்கள் இன்று மாலை நான்கு மணி வரை முழு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கேட்டுக்கொண்டவர் டிராக்டர்காரர். பொதுமக்கள் என்பது அவர் மனைவியின் அண்ணன் ஒருத்தர்தான்.

"ஒத்துழைச்சாச்சு. வண்டிய எடுங்க மாப்ளே" என்றார் மச்சான், வேலிக்கல்லில் உட்கார்ந்தபடியே.

நாலு மணிக்கு டிராக்டர்காரரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். முதுகெலும்பில் ஆபரேஷன். உடம்பு குலுங்கவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் வீடு தார்ச்சாலையில் இருக்கிறது, அவர் சொல்லுவார். பன்னிரண்டு நாளைக்கு முன் இந்தச் சாலையில்தான் அவளைக் கொண்டுபோனார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் அவள் கணவனின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் பதிந்த நகக்குறி இன்னும் ஆறவில்லை. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை.

பள்ளத்தில் சரளையைக் கொட்டி மூடுவது சோம்பேறி வேலை. நாலு வண்டி போனால் பள்ளம் அதைத் துப்பிவிடும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய பிளேடால் பள்ளத்தின் அடிவரை சுரண்டி, ஓரத்துச் சரளையை நடுவுக்கு ஒதுக்கிப் பரப்ப வேண்டும். அதற்கு மண் ஈரமாயிருக்க வேண்டும். மழை பெய்து மூன்று வாரம். பிளேடு புழுதியைத்தான் கிளப்பியது. கற்கள் கோலிக்குண்டாக உருண்டன.

மழை வரட்டுமே, அதுவரை அவள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டுமே என்றார் மச்சான். டிராக்டர்காரர் காதில் வாங்கவில்லை. மச்சானின் பிக்கப் வண்டியில் ஒரு டேங்கை ஏற்றி, லாரித் தண்ணீர் ஊற்றிவைக்கும் வீட்டுத் தொட்டியில் குழாயைச் சொருகினார்.

"மாப்ளே, இது நாம குடிக்கிற தண்ணி."

"இன்னிக்கு ரோடு குடிக்கட்டும் மச்சான்."

ஐந்து நடை. தொட்டியின் அடி தெரிந்தது. பிக்கப் முன்னே தெளித்துப் போக, டிராக்டர் பின்னே போனது. மண் கறுத்தது, பிளேடு கடித்தது. சக்கரத்தை ஏற்றி ஏற்றி அழுத்திவிட்டு இறங்கிப் பார்த்தபோது, சாலை நடுவில் லேசாக முதுகு உயர்த்தி, வழுவழுவென்று படுத்திருந்தது.

வாடகைக் காரில் இருவரும் போய் அவளை அழைத்து வந்தார்கள். தார் முடிகிற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கணவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். நகம் அழுந்தவில்லை. கை சும்மா கிடந்தது.

"இன்னும் நம்ம ரோடு வரலையா?"

"பாதி தாண்டியாச்சு."

அவள் கண்ணைத் திறந்து, அவர் காது மடலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். அப்புறம் பழைய நகக்குறியைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள்.

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

சாலைத்துறையே திரண்டு வந்து மாலை போட்டிருந்தாலும் அவருக்கு இதற்கு ஈடாகியிருக்காது.

வீட்டு வாசலில், கணவர், அண்ணன் இருவர் தோளையும் பிடித்து இறங்கிய அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பன்னெண்டு நாளா ஈரத்துணியால தொடச்சே விட்டாங்க. முதல்ல நல்லா தலைக்குத் தண்ணி ஊத்திக்கணும்."

மச்சான் தன் செருப்பைப் பார்த்தார்.

அன்று திங்கட்கிழமை. தண்ணீர் லாரி வியாழக்கிழமைதான் வரும்.