திருப்பி வைத்த முட்டைகள்

கடல் கல்வி மையத்தின் காவலாளிக்கு, அங்கே வேலை பார்க்கும் மெத்தப் படித்தவர் எவருக்கும் தெரியாத ஒரு விஷயம் தெரியும். ஆமை முட்டையைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அது. எப்படித் தெரியும் என்று சொன்னால் வேலை போய்விடும். ஆகவே ஆறு வருஷமாக வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. கண்காட்சிப் பொருள்கள் செய்பவரை, எந்நேரமும் விரலில் பசையோடு திரிவதால், எல்லோரும் பசை அக்கா என்பார்கள். அவர் ஒரு பெரிய மரப்பெட்டியில் மணலைக் கொட்டி, பிளாஸ்டர் முட்டைகள் நூறு புதைத்திருந்தார். பிள்ளைகள் கையை விட்டுத் துழாவி, ஆமைக் கூட்டைக் கண்டுபிடித்து, அலுங்காமல் மூட வேண்டும். ஒத்திகைக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளோ முட்டைகளை டொக் டொக்கென்று மோதி விளையாடினார்கள். ஒருத்தி ஒன்றைத் தரையில் ஓங்கியே போட்டாள். அது உடையக்கூட இல்லை.

பிள்ளைகள் போனதும் பசை அக்கா இடிந்துபோய் உட்கார்ந்தார். "அளவு சரி, நிறம் சரி. போட்டோவைப் பார்த்து அப்படியே செஞ்சேன். எங்கே தப்பு?"

பாவம், அவரும் என்ன செய்வார்? முட்டையைத் தொடாதே என்று ஊருக்கே சொல்கிறவர்கள், தாங்களும் தொட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரிந்தேதான் காவலாளி வாயைத் திறந்தார்.

"கல்லு மாதிரி இருக்காதுக்கா. தோலு மாதிரி இருக்கும். லேசா அமுக்கினாலே குழி விழும். கையில எடுத்தா நமக்கே பயமாயிடும்."

"உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"எடுத்திருக்கேன்க்கா. இங்க வர்றதுக்கு முன்னாடி. தோண்டி எடுத்துத் தின்னிருக்கேன். கடைசித் தடவை மட்டும் தின்னல. வீட்டுக்காரி அப்போ முழுகாம இருந்தா. கூடையைப் பார்த்துட்டு ஒரே அழுகை. எடுத்த இடத்துலயே கொண்டு போய் வைன்னா. மறுநாள் சாயங்காலம் அதே குழியில கொட்டி மூடினேன். ரெண்டு மாசம் தினமும் போய்ப் பார்த்தேன்க்கா. ஒண்ணுகூட வெளிய வரல."

பசை அக்கா விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தார். சரி, நம் சீட்டு கிழிந்தது என்று நினைத்தார் காவலாளி.

"ஆபீஸ்ல சொல்லணும்னா சொல்லிடுங்கக்கா. இப்படிச் சும்மா இருக்காதீங்க."

"அதில்லை தம்பி. உங்ககிட்ட இதைச் சொல்லலாமா வேணாமான்னுதான் யோசிக்கிறேன்." அவர் குரல் இறங்கியது. "முட்டை போட்ட ஒரு நாளைக்குள்ள கரு மேல்பக்கம் ஒட்டிக்கும். அதுக்கப்புறம் புரட்டினா உள்ளேயே செத்துடும்."

காவலாளிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமும், தின்ற பாவத்துக்கு அந்தக் கடைசிக் கூடை கொஞ்சமாவது ஈடு என்று நினைத்திருந்த மனுஷர்.

"அப்போ குழியில கொட்டிக் கொன்னதே நான்தானா?"

பசை அக்கா பொய் சொல்லவில்லை.

காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதைப் பெட்டி மேல இருக்கிற போர்டுல எழுதுங்கக்கா. திருடாதேன்னு எழுதியிருக்கீங்க. திருடறவனுக்கு அது தப்புன்னு தெரியும். மனசு கேக்காம திருப்பி வைக்கிறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

"யார் சொன்னதுன்னு கேப்பாங்களே?"

"எம் பேரைச் சொல்லுங்க. தலைக்கு மேல போயாச்சு, சாண் என்ன முழம் என்ன."

நான்கே நாளில் ரப்பர் முட்டைகள் தயாராயின. அமுக்கினால் குழி விழுந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி மேலே இருக்கும்படியே எடுத்து, அப்படியே வைக்க வேண்டும்.

பார்வையிட வந்த இயக்குநர், காவலாளி பேரோடு எழுதியிருந்த போர்டை முழுக்கப் படித்தார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து கேட்டுக்கு வேற ஆள் வரும்."

காவலாளி தலையாட்டினார். எதிர்பார்த்ததுதானே.

"நீங்க இந்தப் பெட்டிகிட்ட நில்லுங்க. வர்ற பிள்ளைங்களுக்கு, நடந்ததை நடந்தபடி நீங்களே சொல்லுங்க."

வேலை போகவில்லை என்பது மனதில் ஏறவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்ன சொல்லச் சொல்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் ஏறியது.

"தினமுமா சார்?"

"தினமும்."