நீல ஸ்பாஞ்ச்

பந்து வலையில் விழுந்ததும் மட்டையைத் திருப்பிப் பார்க்கிறவர்களை எனக்கு அடியோடு பிடிக்காது. கால் நகரவில்லை, கை தாமதமாக வந்தது, கண் வேறெங்கோ இருந்தது. குற்றம் முழுக்கத் தன் உடம்பில். பார்ப்பதென்னவோ மட்டையை. ரப்பரை விரலால் தடவுவார்கள், வாயால் ஊதுவார்கள், கால்சட்டையில் தேய்ப்பார்கள். வடகிழக்குச் சீனாவில் எங்கள் ஃபுஷுன் நகரத்தில், மூடிப்போன எந்திர ஆலையின் தொழிலாளர் மன்றத்துக் கூடத்தில், மாலையானால் இப்படிப்பட்டவர்கள் கூட்டமாகச் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் கணவர்.

பெயர் காங் ஷிலின். வயதுக்கு மரியாதையாக எல்லாரும் லாவ் காங் என்பார்கள். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க நகரத்துக்குக் குழாயில் வெந்நீர் அனுப்பும் கம்பெனியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில், பனி கொட்டும்போது வீடு சூடாகவில்லை என்று ஜனங்கள் சண்டைக்கு வந்தால் பழியைக் குழாய்மேல் போடுவார். ஓய்வுக்குப் பிறகு குழாய் கிடைக்கவில்லை. ரப்பர் கிடைத்தது.

பிங்பாங் மட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டும் ரப்பரைத்தான் சொல்கிறேன். மேலே தோல், அடியில் ஸ்பாஞ்ச். மேல்தோல் ஒரே ரகமாக, ஒரே எழுத்து பொறித்து இருந்தாலும், அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று ஒன்று, சாதாரண ஜனங்களுக்கு. நீல நிறத்தில் கல் மாதிரி ஒன்று, தேசிய அணிக்காரர்களுக்கு. அந்த நீலத்தைத்தான் லாவ் காங் எங்கெங்கோ சொல்லி வைத்து, யார் யாருக்கோ சிகரெட் வாங்கிக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வருவார். தேசிய அணிப் பையன் ஒரு நாளில் அடிக்கிற பந்தை இவர் ஒரு வருஷத்தில் அடித்ததில்லை.

நானும் ஒரு காலத்தில் ஆடியவள். மாகாண இளையோர் அணியில் இருந்தேன். முழங்கால் போனது, விட்டுவிட்டேன். அந்தக் கதைக்கு அழுவதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எந்தக் கைக்கு எந்த ரப்பர் என்பது பார்த்த உடனே தெரியும். கெட்டி ஸ்பாஞ்சுக்குள் பந்து புதைய வேண்டுமானால் வீசுகிற கையில் வேகம் வேண்டும். புதைந்தால்தான் ரப்பர் அதைக் கவ்விச் சுழற்றி எறியும். அசட்டுக் கைக்குப் பந்து புதையாது. வெறும் பலகையில் பட்டதுபோல வழுக்கிக்கொண்டு வலையில் போய் விழும். லாவ் காங்கின் பந்துகள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருந்தன.

தினமும் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. நான் புளித்த கோஸ் போட்டுக் கொழுக்கட்டை செய்து வைத்திருப்பேன். அவர் வந்து உட்கார்ந்து, கொழுக்கட்டையை வினிகரில் முக்கிக்கொண்டே ரப்பரின் உடல்நிலையை அறிவிப்பார்.

"இன்னைக்கு ரப்பர் செத்துக் கிடந்துச்சு. காத்துல ஈரம். ஸ்பாஞ்சுக்கு இன்னொரு தரம் எண்ணெய் போடணும்."

"எண்ணெயை உன் முட்டிக்குப் போடு. கொஞ்சம் நகரும்."

"உனக்கென்ன தெரியும்? உங்க காலத்துல ஸ்பாஞ்ச் டோஃபு மாதிரி இருந்துச்சு. இப்ப பந்தே மாறிப்போச்சு."

"பந்து மாறிடுச்சு. நீ மாறலையே."

"இதுல உணர்வுன்னு ஒண்ணு இருக்கு ஃபெங்சின். நீலத்துல பந்து படுறப்ப உள்ளங்கையில 'டொக்'னு ஒண்ணு ஏறும். ஆரஞ்சுல அது வரவே வராது. என் கண்ணைக் கட்டிட்டு மட்டையைக் கையில குடு, எதுன்னு சொல்றேன்."

இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒரு நாள் அவர் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்கக் கூடத்துக்குப் போனேன். அங்கே ஏழெட்டுப் பேரை நிற்க வைத்து அதே பிரசங்கம். டொக் என்றார். உள்ளங்கை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சந்தையில் மீன் விற்கும் தியாவ் ஒருவன் மட்டும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு சும்மா இருந்தான். பிரசங்கம் முடிந்து லாவ் காங் மேசைக்குப் போனார். எதிரே நின்றவள் ஒரு பஸ் டிரைவர். அவள் அடித்த எளிதான பந்துகளை எல்லாம் வரிசையாக வலைக்குத் தானம் செய்தார். ஒவ்வொன்றுக்கும் மட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ரப்பரைப் பலகையில் ஒட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவர் ஒட்டினால் நடுவில் காற்றுக் குமிழ் நிற்கும். அதற்கும் பசையைத்தான் குற்றம் சொல்வார். அடுத்த முறை புது நீலத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது அதை எடுத்து அரிசி டப்பாவின் அடியில் வைத்தேன். அதே ரகம், அதே எழுத்து, அடியில் ஆரஞ்சு ஸ்பாஞ்சாக ஒன்றைக் கடையில் வாங்கினேன். ஆரஞ்சிலும் மெத்தென்ற ரகம், பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவது. பசையைத் தடவி, உலரவிட்டு, ஒட்டி, கத்தரியால் ஓரத்தைச் சுற்றி வெட்டினேன். பக்கவாட்டில் ஸ்பாஞ்சின் நிறம் தெரியுமே, அதற்கு அகலமான கருப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினேன். மட்டை அடிபடாமலிருக்க எல்லாரும் ஒட்டுகிற டேப்தான். வேலை சுத்தமாக இருந்தது.

அன்று இரவு திரும்பி வந்தவரின் முகம் பளபளத்தது.

"ஃபெங்சின், இந்தத் துண்டு வேற மாதிரி! நிஜமான தேசிய அணிச் சரக்கு இதுதான். இதுவரைக்கும் என்னை ஏமாத்தியிருக்கானுங்க."

"டொக்னு ஏறுச்சா?"

"தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சு!"

நான் கொழுக்கட்டையை அவர் பக்கம் நகர்த்தினேன். சிரிப்பு வரவில்லை. இவ்வளவு வருஷம் இந்த மனுஷனோடுதான் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

ஆனால் ஆட்டம் உண்மையிலேயே மாறியது. அதை மறைக்க மாட்டேன். மெத்தென்ற ஸ்பாஞ்ச் அவருடைய அரைகுறை வீச்சுக்கும் பந்தைப் பிடித்துக்கொண்டது. பந்து வலையைத் தாண்டியது. தாண்டத் தாண்டத் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் கை தாராளமாக வீசியது. அந்தக் குளிர்காலத்தில் நடந்த மாவட்டப் போட்டியில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில், முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வருவதை வழக்கமாக வைத்திருந்தவர் அரையிறுதி வரைக்கும் போனார். போகிற வழியெல்லாம் நீல ஸ்பாஞ்சின் பெருமையைப் பேசிக்கொண்டே போனார். கூடத்தில் பாதிப் பேர் நீலத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்களுடைய பந்துகள் வலையில் விழத் தொடங்கின. ரப்பர் பழகக் கொஞ்ச காலம் ஆகும் என்று லாவ் காங் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்.

அரையிறுதியில் எதிரே வந்தவன் மீன்கார தியாவ். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று கேம் எடுப்பவருக்கு வெற்றி. லாவ் காங் முதல் இரண்டு கேமையும் சுலபமாக எடுத்தார். மூன்றாவதிலும் முன்னால் இருந்தார். அப்போது தியாவ் வலைக்குப் பக்கத்தில் குட்டையாக ஒரு பந்தைப் போட்டான். அதை எடுக்கக் குனிந்து வீசியவரின் மட்டை மேசை விளிம்பில் மோதியது. டேப் கிழிந்து நாக்கு மாதிரித் தொங்கியது.

மேசைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்க வந்த தியாவ், மட்டையைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, உங்க நீலத்துக்கு மஞ்சக்காமாலை வந்திருக்கே!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. லாவ் காங் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். இந்தத் தடவை மட்டும் பார்க்கக் காரணம் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஃபெங்சின், என்ன இது?"

"ஸ்பாஞ்ச்."

"எந்த ஸ்பாஞ்ச்?"

"சின்னப் பசங்க போடுற ஆரஞ்சு. பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து நீ அதுலதான் ஆடுற."

அவருடைய முகம் வெளுத்துப்போனது. நடுவராக இருந்த விளையாட்டு ஆசிரியையிடம் ஓடினார். மட்டையை மாற்ற வேண்டும் என்றார்.

"மட்டை உடைஞ்சாத்தான் மாத்த முடியும், ஐயா. டேப்பை ஒட்டிக்கிட்டு வாங்க."

"உள்ளே இருக்கிறது தப்பான ரப்பர்!"

"இதுவரைக்கும் இதுலதானே ஜெயிச்சுட்டு வந்தீங்க?"

நானே எழுந்து போய் டேப்பை ஒட்டிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. அடிப்பதற்கு முன்பே காதைக் கொடுத்து மட்டையின் சத்தத்தைக் கேட்டார். வீசப் போன கை பாதியில் நின்றது. அதே மட்டை, அதே ஆரஞ்சு, அதே கை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தியாவை மூலைக்கு மூலை ஓட விட்ட அதே அடி வலையில் போய் விழுந்தது. தியாவ் மீதி மூன்று கேமையும் நடந்துகொண்டே எடுத்தான்.

தோற்றதும் மட்டையை மேசைமேல் எறிந்தார்.

"கட்டின பொண்டாட்டியே என்னைக் கவுத்துட்டா! பச்சக் குழந்தை ரப்பர்ல என்னை ஆட விட்டிருக்கா, பாருங்க!"

"அண்ணே, அந்தக் குழந்தை ரப்பர்லதான் என்னை ரெண்டு கேம் நொறுக்குனீங்க" என்றான் தியாவ்.

"அது என் திறமை."

"அப்புறம் தோத்த மூணு கேம்?"

"அது ரப்பர்."

சிரித்தவர்களில் சிலருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் மட்டும் தான் சொன்னதில் என்ன தவறு என்று தெரியாமல் நின்றார். அது நடிப்பில்லை. மனதார அப்படியே நம்பினார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மனுஷனைக் கோபிக்கும் அளவுக்கு மதிக்க முடியவில்லை.

நடந்து வீட்டுக்கு வந்தோம். அவர் தெருவின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இரண்டொரு நாள் கழித்துச் சந்தையில் தியாவ் என்னைக் கூப்பிட்டான். மேலங்கியெல்லாம் மீன் செதில்.

"அண்ணி, எனக்கு எது சரியா வரும்? லாவ் காங் அண்ணனையே அரையிறுதிக்கு ஏத்திட்டீங்க. என்னை எங்கேயாச்சும் ஏத்தி விடுங்க."

"வந்து அடிச்சுக் காட்டு. அப்புறம் சொல்றேன்."

அப்படித்தான் நான் கூடத்துக்குப் போகத் தொடங்கினேன். தேநீர்க் குடுவையோடு நாற்காலியில் உட்காருவேன். ஒவ்வொருவராக வந்து அடித்துக் காட்டுவார்கள். தியாவின் கை வேகமான கை, முரட்டுக் கை. கொஞ்சம் கெட்டியாகவே போடச் சொன்னேன். பஸ் டிரைவர் பெண் ஜெர்மன் ரப்பர் ஒன்றை ஒட்டியிருந்தாள். பந்து மட்டையில் பட்டதும் அவளுக்கு முன்னால் ஓடிவிடுகிறது.

"இவ்வளவு வேகம் உனக்கெதுக்குடி? பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுவியா?"

"வேகமா இருந்தா நல்லதுன்னு லாவ் காங் அண்ணன் சொன்னாரு, அக்கா."

"அவர் சொன்னாரா? கழட்டு அதை. ஸ்பாஞ்ச் மெல்லிசா, மேல்தோல் பந்தோட ஒட்டுற மாதிரி ஒண்ணு போடு. பந்து கையில கொஞ்ச நேரம் நிக்கட்டும். என்ன பண்ணப் போறேன்னு உனக்கே அப்பத்தான் தெரியும்."

இன்னொருவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டு பத்துப் பந்தையும் விட்டார். எதை ஒட்டலாம் என்று கேட்டார். செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமும் வந்து வரிசையில் நின்றார். அவர்களுக்கு என் திட்டு வேண்டியிருந்தது போல. சிலருடைய ஆட்டம் தேறியது. தேறியவர்கள் நன்றி சொன்னது எனக்கில்லை, தங்கள் கைக்குமில்லை, ரப்பருக்கு. நான் ஒன்றும் எதிர்பார்த்துப் போகவில்லை. அவர்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் முழங்கால் வலி மறந்துபோகும், அவ்வளவுதான்.

லாவ் காங் அந்தப் பக்கமே வரவில்லை. அரிசி டப்பாவிலிருந்து நீலத்தைத் தேடி எடுத்துத் தானே ஒட்டினார், நடுவில் குமிழோடு. வேறொரு கூடத்துக்குப் போனார். அங்கே தோற்றார். என்னிடம் ரப்பரின் உடல்நிலையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். தொலைக்காட்சியைப் பார்த்தபடி சாப்பிட்டார். அந்த அமைதி எனக்கு நன்றாகவே இருந்தது.

வசந்தம் வந்து, வெந்நீர்க் குழாய்களை நிறுத்திய வாரம். ஒரு காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து மட்டையை மேசைமேல் வைத்தார். இரண்டு பக்கமும் ரப்பரைப் பிய்த்திருந்தார். வெறும் பலகை.

"ஒட்டிக் குடு."

"எதை?"

"எதையாச்சும்." மட்டையை என் பக்கம் நகர்த்தினார். "எதுன்னு மட்டும் சொல்லாத."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும், அதற்குப் பிறகும், அந்த மனுஷன் தன்னைப் பற்றிப் பேசிய உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் பசையை எடுத்தேன்.

ஸ்பாஞ்சின் நிறம் தற்செயலாகக்கூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அவர் பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். மேல்கோட்டுகூடப் போடவில்லை. வெளியே காற்று இன்னும் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டிருந்தது. பசை உலர நேரமெடுக்கும். நான் அவசரப்படவில்லை.