சத்து: இல்லை, பயன்: இல்லை

“மனிதகுலத்தின் வீழ்ச்சி ஒரு ஜெல்லி பீனில் தொடங்கியது.”

பல் சுகாதார வாரத் தொடக்க உரைக்குப் பல் டாக்டர் எழுதிவைத்திருந்த முதல் வரி அது. அந்த ஜெல்லி பீனை அவர் தன் தங்கையின் மேஜை டிராயரிலிருந்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருந்தார்.

தங்கைக்கு அண்ணன் கிளினிக்கில்தான் வேலை, வரவேற்பு மேஜையில். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள டிராயரில் எப்போதும் ஒரு பை ஜெல்லி பீன் மிட்டாய் வைத்திருப்பாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். ஆனால் மேடை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் விடுப்பில் போய்விடும்.

காலையில் அவள் வருவதற்கு முன்பே பையைக் காலிசெய்து, கெட்டியான ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் கொட்டினார். மேலே மண்டையோட்டுப் படம். அதற்குக் கீழே அழகான கையெழுத்தில்: ‘ஜெல்லி பீன். சத்து: இல்லை. பயன்: இல்லை.’ காத்திருக்கும் நோயாளிகள் யாராவது திறந்து தின்றுவிடுவார்களே? சொத்தைப் பல்லை அடைக்கிற பசையை மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார்.

மதியம் அவள் ஊசி போட்டுக்கொண்டாள். தெருமுனைக்கு வந்துவிட்டதாகச் சொன்ன சாப்பாட்டுப் பொட்டலம் தெருமுனையிலேயே குடியேறிவிட்டது. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்ட டாக்ஸி டிரைவர் ஒருவர், கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வெளியே காத்திருந்தார்.

அவளுக்கு முதுகில் குப்பென்று வியர்த்தது. டிராயரைத் திறந்தாள். ஒரு ஸ்டேப்ளர் மட்டும் கிடந்தது.

“அண்ணே! என் டிராயர்ல இருந்தது எங்க?”

“எது, அந்த விஷமா?” டாக்டர் வெளியே வந்து, ஏதோ பரிசுக் கோப்பையை அறிமுகப்படுத்துவதுபோல ஜாடியைக் காட்டினார்.

“திற அதை.”

“ஏம்மா இவ்வளவு கோபம்? முதல்ல சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பாரு.”

இருபது வருடமாக அவர் எல்லா வாக்குவாதத்திலும் ஜெயித்தது இந்த ஒரு வரியால்தான். அவள் என்ன நியாயம் பேசினாலும் பேசுவது அவள் இல்லை, அவள் சர்க்கரை. அம்மாவும் தலையாட்டுவாள்.

அவள் விரலைக் குத்திப் பார்த்தாள். “ஐம்பத்திரண்டு. இப்ப திறக்கிறியா, இல்ல உன் உரையை என் தலைமாட்டுல வந்து படிக்கிறியா?”

டாக்டரின் முகம் வெளுத்தது. மூடியைத் திருகினார். துணி சுற்றித் திருகினார். கத்தரிக்கோலால் நெம்பினார், கத்தரிக்கோல் வளைந்தது. சத்தியமாக நல்ல பசை. பல் துளைக்கிற கருவியை எடுத்தால், அதைச் சுழற்றும் காற்று வரவில்லை. ஒத்திகைக்குச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று கம்ப்ரெசரை அவரே அணைத்திருந்தார்.

“என்னய்யா டாக்டர் நீங்க!” டிரைவர் பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்தார். “நான் போய் ஜூஸ் வாங்கிட்டு வரேன்.” மரத்த வாயோடு தெருவில் ஓடினார்.

தங்கை நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். “தூங்கிடுவேன்போல இருக்குண்ணே” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

அவருக்குப் பின்னால் சுவரில் அவரே சிரிக்கும் பெரிய படம். கீழே: ‘பல் ஒரு கருவி அல்ல.’

ஜாடியை வாய்க்குக் கொண்டுபோனார். படக்கென்று ஒரு சத்தம். மூடி பறந்தது, சிவப்பும் பச்சையுமாகத் தரையெல்லாம் சிதறியது. ஒரு கையால் அள்ளி அவள் வாயில் திணித்தார். மறு கை தன் வாயை மூடியிருந்தது. அவள் மென்றாள், விழுங்கினாள், தானே பொறுக்கி மறுபடி மென்றாள்.

ஜூஸோடு திரும்பிய டிரைவர், வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து இளகிப்போனார். “அழாதீங்க டாக்டர். தங்கச்சிக்குத் தெளிஞ்சிடுச்சு பாருங்க.”

தெளிந்துதான் இருந்தது. கால் மணி நேரம் பொறுத்து அவள் எழுந்து நின்றாள்.

“சத்து இல்லையா? அது வெறும் சர்க்கரையும் மாவும்தான். கொழுப்பு கிடையாது, அதனாலதான் சட்டுனு ரத்தத்துல ஏறுது. சாக்லேட்னா இழுத்தடிக்கும். பையில உருகாது, எண்ணிப் போட்டுக்கலாம். பரீட்சை ஹால்ல தின்னிருக்கேன், பஸ்ல தின்னிருக்கேன், உன் பட்டமளிப்பு விழாவுல நீ நன்றி சொல்ல ஆரம்பிச்சு முடிக்காம இருந்தியே, அப்பவும் தின்னிருக்கேன். பயன் இல்லையாம்! எழுத்து மட்டும் குண்டு குண்டா!”

டாக்டர் கையை எடுக்காமலே ஏதோ முனகினார். அந்தப் பழைய வரிதான்.

அவள் மறுபடி விரலைக் குத்தி, கருவியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“நூத்தி நாலு. நல்லாப் பார்த்துக்கோ. சர்க்கரை சரியாயிடுச்சு, கோபம் அப்படியே இருக்கு. இது என் கோபம். இருபது வருஷமா என்னோடதுதான்.”

டாக்டர் தலையாட்டினார். 

“கையை எடு” என்றாள்.

எடுத்தார். அவள் பார்த்தாள். பிறகு மேஜைக்குப் போய், எதிர்த்தெரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டாள். எந்தப் பல் என்று கேட்டார்கள்.

“மேல்வரிசை, முன்பல்.”

எப்படி உடைந்தது என்று கேட்டார்கள்.

“பல்லால மூடி திறந்தாரு.”