பதினேழு உயிர்

மூன்றாவது முறை அழுத்தியும் அந்தப் பொத்தான் மசியவில்லை. 'எல்லாத் தரவுகளும் அழிந்துவிடும். தொடரலாமா?' என்று கேட்ட டேப்லெட், 'ஆம்', 'வேண்டாம்' என்ற இரண்டு பதில்களையும் திரையின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்தது. அந்த அடிப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தொடுதிரை செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. சரிபண்ணித் தருகிறேன் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

அவன் மெக்கானிக். போன், லேப்டாப், கையில் பிடித்து விளையாடும் கேம் பெட்டி, எது படுத்தாலும் எழுப்பிவிடுவான் என்று கடைவீதியில் பெயர். அக்காவின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கூடத்தில் அக்கா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். பதினொரு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி பத்தேகால். அதற்குள் இந்த டேப்லெட்டில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட வேண்டும்.

வழக்கமாக அவன் இதற்குத் திரையைத் தொடக்கூட மாட்டான். ஓரத்தில் இருக்கும் ஒலிப் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் வேலை முடிந்தது. இதில் ஒலிப் பொத்தானும் கிடையாது, சாய்த்துப் பிடித்தால் திரை திரும்பவும் செய்யாது. கடையில் ஒதுக்கிப் போட்ட மூன்று டேப்லெட்டுகளின் மிச்சத்தை ஒட்டவைத்து அக்காவுக்கு அவன் செய்துகொடுத்த சாமான் இது. ஊரார் சாமானுக்கு விழுந்து விழுந்து வேலை பார்த்தவன், கூடப்பிறந்தவளுக்கு ஒப்பேற்றிக் கொடுத்ததுதான் இப்போது அவன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

அதில் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. வேறு எதையும் ஏற்றினால் திணறும் என்பதால் அவனேதான் ஏற்றவில்லை. மூன்று பழங்களை ஒரே வரிசையில் சேர்த்தால் அவை வெடித்து மறையும். தோற்றால் ஓர் உயிர் போகும். மொத்தம் ஐந்து உயிர். தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டாளியிடம் கேட்க வேண்டும். அக்காவுக்கு அதில் ஒரே கூட்டாளி, தம்பி. திரையின் மேல் மூலையில் இருக்கும் சிவப்பு இதயத்தைத் தொட்டால் போதும், கையில் உயிர் மிச்சமிருந்தாலும் 'அக்கா உங்களிடம் ஓர் உயிர் கேட்கிறார்' என்று இவன் போனில் வந்து நிற்கும். இவன் 'அனுப்பு' என்பதை அழுத்துவான்.

கீழ் இரண்டு வரிசைப் பழங்களைத் தொடவே முடியாமல் அக்கா அறுநூற்றுச் சொச்சம் கட்டம் தாண்டியிருந்தாள். "டேய் திருகாணி, உன் டப்பாவுல பாதி உசுரு இல்ல. நான் மீதிப் பாதியில வண்டி ஓட்டுறேன் பாரு" என்பாள். சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தையும் ரேடியோவையும் கழற்றிப் போட்டவனுக்கு அவள் வைத்த பெயர் அது.

அக்கா தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள். மற்றவர்களைத் தொந்தரவு செய்வதில் அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. "ஒருத்தன்கிட்ட ஒரு நாளைக்கு ஒரு தடவதான் கேக்கணும். அதுக்கு மேல கேட்டா நம்ம மேல மரியாத போயிடும்." இரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் உயிர் கேட்பாள். ஒன்றே ஒன்று. இரண்டாவது கேட்டதே இல்லை.

நேற்றுக் காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முதல் உயிர் கேட்டாள்.

அவன் அப்போது ஒரு லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து வைத்து, பொடி ஒயர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். போன் மேசையில் அதிர்ந்தது. எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். மறுபடி அதிர்ந்தது. மறுபடி. லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் எதிரில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க, அவசரமா எதுவும்?"

"எங்க அக்காங்க. கேம் விளையாடுறாங்க. காலங்காத்தாலயே உயிர வாங்குறாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த விளையாட்டின் அறிவிப்பை மட்டும் அணைத்துவிட்டு, பற்றவைப்பானைக் கையில் எடுத்தான். நல்ல வேலை அது. ஒரே முயற்சியில் ஒட்டிக்கொண்டது.

மாலை நான்கு மணிக்குப் பள்ளிவிட்டு வந்த எதிர்வீட்டு டீச்சர்தான் கதவு திறந்தே கிடப்பதைப் பார்த்து உள்ளே போனார். அக்கா கூடத்துத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். போன் சமையலறை மேடையில் சார்ஜில் இருந்தது. டேப்லெட் மட்டும் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. வந்து பார்த்த டாக்டர், மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார். "ஒரு செகண்ட்தான். அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

வந்தவர்கள் எல்லோரும் அந்த வாக்கியத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். விளையாடிக்கொண்டே போய்விட்டாளாம். நோவு நொடி இல்லையாம், யாருக்கும் பாரமில்லையாம், கொடுத்து வைத்த சாவாம். டீச்சர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

அவன் மட்டும் நேற்றுச் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து தன் போனைத் திறந்து பார்த்தான். பதினேழு முறை. ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே வாக்கியம். முதலாவது பத்து பன்னிரண்டு. கடைசி பத்து ஐம்பத்து மூன்று.

தோற்றுத் தோற்றுக் கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். அப்படி இருக்கட்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. உள்ளே போய் டேப்லெட்டில் விளையாட்டைத் திறந்தான். அன்றைய முதல் ஆட்டம் ஆடியதும் திறந்துகொள்ளும் பரிசுப்பெட்டி மூடியே கிடந்தது. நேற்று அக்கா ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஐந்து உயிரும் கைவசம் இருந்தவள்தான் பதினேழு முறை கேட்டிருக்கிறாள். வாய் இழுத்துக்கொண்டிருக்கும், எழுந்திருக்க முடிந்திருக்காது. கைக்கு எட்டியது அந்தச் சிவப்பு இதயம் ஒன்றுதான்.

நாற்பத்தோரு நிமிடம். கடையிலிருந்து இந்த வீட்டுக்கு பைக்கில் ஏழு நிமிடம். சிக்னலில் மாட்டினால் ஒன்பது. இந்தக் கணக்கை அவன் எத்தனை முறை போட்டான் என்பதற்குக் கணக்கில்லை.

விடிந்ததும் வெளிநாட்டிலிருந்து அக்காவின் ஒரே மகள் வந்து சேர்ந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாமா, நெஜமாவே அம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காதுடா."

சொன்ன வாயை அறுத்தெறியலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே வந்து, "அந்த டேப்ப நான் எடுத்துக்கட்டுமா மாமா? கடைசியா அவங்க கைல இருந்தது அதுதானே" என்றாள். தலையை ஆட்டினான். எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் திறப்பாள். அந்த இதயத்தைத் தொட்டுப் பார்ப்பாள். அக்கா கேட்டு அனுப்பியவை எல்லாம் நேரத்தோடு வரிசையாக நிற்கும். அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை. சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று டேப்லெட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தவன்தான்.

நான்காவது முறையும் அழுத்திப் பார்த்தான். பிறகு தன் பையை இழுத்து ஜிப்பைத் திறந்தான். உள்ளே காகிதத்தில் சுற்றிய புதுத் தொடுதிரை. இந்த டேப்லெட்டுக்கென்றே தேடிப் பிடித்து வரவழைத்தது. மூன்று வாரமாகப் பையிலேயே அவனோடு கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொடுக்கலாம் என்று இருந்தான். ஞாயிறுகளுக்கா பஞ்சம், மூன்று ஞாயிறு வந்து போனது.

ஸ்க்ரூக்களைக் கழற்றித் தலையணையில் வரிசையாக வைத்தான். கை பாட்டுக்கு வேலை செய்தது. கதவு திறந்தது. அவன் மனைவி.

"எல்லாரும் உங்களத் தேடுறாங்க. இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

"ரிப்பேர்."

"செத்த வீட்ல உக்காந்து ஸ்க்ரூ திருகுறீங்களே, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"அவ கேட்டா. இத சரிபண்ணிக் குடுன்னு எட்டு மாசமா கேட்டா."

அவன் முகத்தைப் பார்த்த மனைவி கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கூடத்தில் யாரிடமோ, "விடுங்க, அவருக்குக் கை சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும்" என்று சொல்வது கேட்டது.

இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பொருத்திவிட்டால் மேலிருந்து கீழ்வரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது அவன் வழக்கம். இழுத்தான். கோடு எங்கும் அறுபடாமல் அடிவரைக்கும் வந்தது. இவ்வளவுதான் வேலை. இருபத்தைந்தே நிமிடம்.

மறுபடி அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தான். எல்லாத் தரவுகளும் அழிந்துவிடும், தொடரலாமா? இப்போது 'ஆம்' உயிரோடு இருந்தது. விரலை அதன் பக்கம் கொண்டுபோனபோது கதவு திறந்தது. இந்த முறை அக்கா மகள். கையில் அம்மாவின் போன். கண் வீங்கி, மூக்கு சிவந்து, ஆறு வயதில் பள்ளிக்கூட வாசலில் நின்ற மாதிரியே நின்றாள்.

"மாமா, இதப் பாருங்க."

போனை நீட்டினாள். கடைசியாக அழைத்த எண், மகளுடையது. முந்தாநாள் இரவு எட்டரை.

"நான் எடுக்கல மாமா. மீட்டிங்ல இருந்தேன். அப்புறம் பேசலாம்னு கட் பண்ணிட்டேன். அப்புறம் மறந்தே போச்சு." கட்டில் விளிம்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பவே தல வலிச்சிருக்கும். சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாங்க. ரெண்டாவது ரிங்குல எடுக்குறவங்க மாமா அவங்க. நான் கட் பண்ணேன். நான்தான் கொன்னுட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லடா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது அவன் சட்டைப் பையில், போனுக்குள் இருந்தது. டேப்லெட்டை ஒரே தொடலில் துடைத்துவிட்டு, அழாதே, விதி என்று சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். ஊர் நம்பும், டாக்டரே சொல்லியிருக்கிறார். இவள் மட்டும் எடுக்காத அந்த எட்டரை மணியை வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள்; வாழ்நாள் முழுக்க வைத்திருப்பாள். அக்கா அவனைச் சந்தேகமில்லாமல் நம்பித்தான் பதினேழு முறை கேட்டிருக்கிறாள். அவள் பெற்ற பிள்ளையிடம் பழியைத் தள்ளிவிட்டு எப்படி எழுந்துபோவது?

'வேண்டாம்' என்பதைத் தொட்டான். தன் போனை எடுத்து, அந்த வரிசையைத் திறந்து அவள் மடியில் வைத்தான்.

"உன்ன இல்லடா. என்னத்தான் கூப்பிட்டா" என்றான். "நேத்து காலைல. நான் கேம்னு நெனச்சேன். அறிவிப்ப அணைச்சு வச்சுட்டேன்."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு விரலால் மெல்ல மேலே தள்ளினாள். அக்கா உங்களிடம் ஓர் உயிர் கேட்கிறார். அக்கா உங்களிடம் ஓர் உயிர் கேட்கிறார். உதடு அசைவதிலிருந்து எண்ணுகிறாள் என்று தெரிந்தது. முடிவுவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள். நேரங்களைப் படித்தாள். அவள் கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தான். அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கூடத்தில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். வண்டி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

அவள் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அனுப்புங்க மாமா."

"என்னடா?"

"கேட்டிருக்காங்கல்ல. அனுப்புங்க."

அவன் முதலாவதற்குப் பக்கத்தில் இருந்த 'அனுப்பு' என்பதை அழுத்தினான். கட்டிலில் கிடந்த டேப்லெட் 'டிங்' என்று கணீரென மணி அடித்தது. ஒரு சிவப்பு இதயம் துள்ளிக்கொண்டு மேலே போனது. இரண்டாவதை அழுத்தினான். மறுபடி 'டிங்'. மூன்றாவது. நான்காவது.

"யாருப்பா அது, இந்த நேரத்துல கேம் விளையாடுறது?" கூடத்திலிருந்து ஓர் ஆண் குரல்.

"விளையாடல," என்றாள் அவன் மனைவி. "டேப்ப ரிப்பேர் பண்ணாரு. சரியாயிடுச்சான்னு பாக்குறாரு."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. தூக்கணும்."

அக்கா மகள் டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எட்டாவது முடிந்திருந்தது. இன்னும் ஒன்பது இருந்தது. அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்ததை அழுத்தினான்.