ஆட்சேபணை ஏதும் இல்லை

தொலைபேசிக் கம்பெனியின் விண்ணப்பத்தைக் குறை கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் பிரித்தேன். எங்கள் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதிப் பிரிவுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் ஒரு காற்புள்ளியாவது போடாமல் நான் விடமாட்டேன். என் பட்டப்பெயரே காற்புள்ளி. முகத்துக்கு முன்னால் மட்டும் சார்.

வியாபார இணைப்புகளில் உள்ள ஐந்து வசதிகளை நிறுத்தக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. பயன்படுத்த ஆளில்லையாம், பழைய இயந்திரத்துக்கு உதிரிபாகமும் கிடைப்பதில்லையாம். நான்கு வசதிகள் போனால் போகட்டும். ஐந்தாவது, நினைவூட்டு அழைப்பு. ஒரு நேரத்தைப் பதிந்து வைத்தால் தினமும் அந்த நேரத்துக்கு இணைப்பகமே நம்மைக் கூப்பிடும். அதை இன்னும் பயன்படுத்துவோர் என்று பின்னிணைப்பில் ஒரே ஓர் எண் இருந்தது. என் மேசைத் தொலைபேசியின் எண்.

இலக்கம் இலக்கமாக இன்னொரு முறை சரிபார்த்தேன்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் அந்த வசதிக்கு அனுமதிக் குறிப்பு எழுதியவனும் நானே. சோதித்துப் பார்க்க மாலை நான்கு மணியைப் பதிந்தேன். மணி அடித்தது. எடுத்தால், பதிவு செய்த குரல் ஒன்று நேரத்தைச் சொல்லிவிட்டு அடங்கியது. எதிர் மேசை டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து, "யாரு சார், வீட்டுலேர்ந்தா?" என்றார். கோப்பைத் தவிர வேறெதையும் அவர் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. "அக்கா" என்று வாயில் வந்துவிட்டது. எனக்கு அக்கா கிடையாது. தம்பி, தங்கை, மனைவி, மக்கள், அந்தப் பட்டியலில் ஒருவருமே கிடையாது. சோதனையை அன்றே ரத்து செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அதன்பிறகு தினமும் நான்கு மணிக்கு, அடங்கிப்போன ரிசீவரிடம் இரண்டு நிமிடம் பேசினேன். "மாத்திரை போட்டியா அக்கா? மாமாகிட்ட மல்லுக்கு நிக்காத." வைத்ததும் பிரிவே விசாரிக்கும். அக்காவின் மூட்டுவலிக்குத் தைலம் பெயர்கூட எழுதிக் கொடுத்தார்கள். என் பல்வலியை ஒரு பயலும் கேட்டதில்லை.

வசதியைக் காப்பாற்ற வழி இருந்தது. பயன்படுத்துவோரில் ஒருவர் முப்பது நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால் போதும், பொது விசாரணை வைத்தாக வேண்டும். ஆனால் ஆட்சேபிப்பவர் நேரில் வந்து, இந்த வசதி தனக்கு ஏன் தேவை என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா குறிப்பெடுப்பார்.

பின்னிணைப்பை யார் கண்ணிலும் படாமல் இழுப்பறையில் பூட்டினேன். விதிப்படி எனக்கு நானே நோட்டீஸ் அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்று நானே கையெழுத்தும் போட்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து நாள் தவறாமல் ஆட்சேபணைக் கடிதம் எழுதிப் பார்த்தேன். 'மேற்படி வசதி நிறுத்தப்பட்டால் என்னைக் கூப்பிட ஆளில்லை' என்பதை எந்த அலுவலக நடையில் எழுதினாலும் கூனிக் குறுக வைத்தது. முப்பதாம் நாள் மாலை, 'ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று கோப்பில் எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் தேதியோடு வசதி நின்றது. அன்று நான்கு மணிக்குப் போன் அடிக்கவில்லை.

"அக்கா கூப்பிடலையா சார்?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

அடுத்த வாரம் யாரும் கேட்கவில்லை. நான்கு மணி ஆனால் எல்லோரும் காகிதத்தில் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அடிக்காது என்று எழுதிக் கொடுத்தவனே உட்கார்ந்து பார்த்தேன்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை டைப்பிஸ்ட் அம்மா என் மேசை அருகே வந்து நின்றார். பின்னால் பிரிவுத் தலைவரும் இன்னும் நான்கு பேரும்.

"மனசுல போட்டு ஏன் சார் புழுங்குறீங்க? அக்கா தவறிட்டாங்க, அதானே?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. யாரோ தோளில் கை வைத்தார்கள். அந்தக் கை விலகாமல் இருப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நாளைக்குச் சாயந்திரம் எல்லாருமா வீட்டுக்கு வர்றோம், விலாசம் சொல்லுங்க," என்றார் தலைவர். முப்பத்தோரு வருட சர்வீஸில் யாரும் கேட்காத விலாசம். கதவு எண்ணோடு சரியாக எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத்தான், வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி என்பது உறைத்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒன்பது வருடமாகப் படியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

"நாலு நாற்காலி இருக்கு, தாராளமா எடுத்துக்குங்க. என்ன விசேஷம்?"

"அக்கா தவறிட்டாங்க. ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க."

அந்தப் பொய்யை என் வாயால் அப்போதுதான் சொன்னேன். அவர் இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து என் கூடத்தில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு அக்கா இருந்தாங்களா? இந்த வாசலுக்கு ஒரு நாள்கூட யாரும் வந்து நான் பார்த்ததில்லையே."

அதில் குத்தல் எதுவும் இல்லை. என் வாசலை ஒருவர் ஒன்பது வருடமாகக் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான். அவரிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"இல்லைங்க," என்றேன். "எனக்கு யாருமே இல்லை."

கீழே காலடிச் சத்தம் கேட்டது. "மெதுவாப் பேசுங்க, துக்க வீடு," என்று டைப்பிஸ்ட் அம்மா யாரையோ அடக்கினார்.

"அவங்ககிட்ட சொல்லிடப் போறீங்களா?" என்றார் டிரைவர்.

"சொல்லணும்."

"சரி, நான் இங்கயே நிக்கிறேன்."

கதவைத் திறந்தேன். முதலில் ஏறி வந்த டைப்பிஸ்ட் அம்மாவின் கண்கள் அதற்குள்ளேயே கலங்கியிருந்தன.

"அம்மா, யாரும் சாகலை. எனக்கு அக்காவே கிடையாது. அந்தப் போன் தானா அடிக்கிற போன்."

பின்னால் வந்தவர்கள் ஏறிய படியிலேயே நின்றுவிட்டார்கள். டைப்பிஸ்ட் அம்மா என்னையே பார்த்தார்.

"அப்ப இந்த ஆறு வருஷமா யார்கிட்ட சார் பேசிட்டிருந்தீங்க?"

"உங்ககிட்டதாம்மா," என்றேன்.