ஜகதாம்பாளின் குளம்புகள்

1907ஆம் வருஷம், ஐப்பசி மழை ஓய்ந்து கேழ்வரகு விலை சற்றே இறங்கிய வாரத்தில், அல்சூரில் குடியிருந்த ஜகதாம்பாளுக்கு இரண்டு காலிலும் குளம்பு முளைத்தது. நல்ல கருங்குளம்பு, வெள்ளைக் குளம்பைவிட உறுதியானது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். புளி விலை மட்டும் இறங்கவில்லை.

காரணம் தெரு முழுக்கத் தெரிந்ததுதான், அவள் புருஷனுக்கு மட்டும் தெரியாது. வைத்தீஸ்வரன் மைசூர் சர்க்காரின் நில அளவை இலாகாவில் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய் வர அவருக்கு ஒரு சவாரிக் குதிரை இருந்தது. கஸ்தூரி என்று பெயர், செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. ஒரு தடவை லாடம் அடிக்கும்போது ஆணி சதையில் இறங்கி அது கண்ணீர் விட்டது. அன்றே லாடங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இனி இதன் காலில் இரும்பு ஏறாது, குளம்பை நானே சீவிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். இந்தக் கருங்கல் ரஸ்தாவில் வெறுங்குளம்பு ஒரு மாசம் தாங்காது என்று லாடக்காரர்கள் சிரித்தார்கள். கஸ்தூரி வருஷக்கணக்கில் தாங்கியது. லாடக்காரர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தால் மட்டும் எச்சில் துப்பினார்கள்.

மாசம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தீஸ்வரன் வேஷ்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கொல்லையில் குனிந்து, கஸ்தூரியின் காலைத் தூக்கித் தம் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். வளைந்த கத்தியால் ஓரத்தைச் சீவுவார். அரத்தால் ராவுவார். உள்ளங்குளம்பில் ஏறிய சரளைக்கல்லை விரலால் நெம்பி எடுத்து, வேப்பெண்ணெய் தடவுவார். நடுநடுவே "வலிக்கிறதாடா கண்ணு?" என்று கேட்பார். குதிரை பதில் சொல்லாது, கேட்டுக்கொள்ளும். இதையெல்லாம் ஜகதாம்பாள் சமையற்கட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பாள். அவள் காலை அவர் தொட்டது ஒரே ஒரு தரம்: கல்யாணத்தன்று, அம்மிமேல் தூக்கி வைத்து மெட்டி போட்டபோது. அதுவும் புரோகிதர் சொன்னதால். அதற்கப்புறம் பெண்டாட்டி காலைத் தொடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று இருந்துவிட்டார். அந்தக் காலத்தில் அதைத் தப்பென்று யாரும் சொன்னதில்லை. அவளும் பக்கத்து வீட்டு பிரிஜெட்டிடம் மட்டும்தான் சொன்னாள்.

"குதிரைக்கு இரும்பு வலிக்குமாம். எனக்கு வெள்ளி வலிக்கலாம்னு யாருக்காவது தோணித்தா?"

"உங்க வூட்டுக்காரரு குதிரை காலையாவது புடிக்கிறாரு ஜகதாமா" என்றாள் பிரிஜெட். "எங்க வூட்ல அது புடிக்கிறது பாட்டில் கழுத்து மட்டும்தான்."

பொறாமை வழக்கமாக வயிற்றில்தான் எரியும். ஜகதாம்பாளுக்கு அங்கே கொஞ்ச நாள் எரிந்துவிட்டுக் கீழே இறங்கியது. அதற்குமுன் அவள் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்த்தாள். கொள்ளு வேகவைக்கையில் உப்பை அள்ளிப் போட்டாள். கஸ்தூரி முன்னைவிட ரசித்துச் சாப்பிட்டது. குதிரைக்கு வால் அழகில்லை என்றாள். அவர் அன்றிலிருந்து வாலுக்கும் சீப்பு போட ஆரம்பித்தார். கடைசியில்தான் குளம்பு முளைத்து, மெட்டிகள் தெறித்து விழுந்தன.

வைத்தீஸ்வரன் வாரக்கணக்கில் கவனிக்கவில்லை. "லாயம் கொல்லையில இருக்கு, சத்தம் அடுப்படியிலேர்ந்து வருதே?" என்று மதில்மேல் எட்டிப் பார்த்து பிரிஜெட்கூடக் கேட்டுவிட்டாள். "ஏன்னா, என் காலைக் கொஞ்சம் பாருங்கோளேன்" என்று ஜகதாம்பாளே கேட்டும், அவர் வரைபடத்திலிருந்து தலை தூக்காமல், "விளக்கெண்ணெய் தடவு" என்றார். ஒருநாள் மெழுகிய ஈரத்தரையில் குளம்புத் தடங்களைப் பார்த்துக் குதிரை அவிழ்த்துக்கொண்டது என்று பதறி, தடத்தோடு தடமாகப் போனார். அது அடுப்பங்கரையில் ஜகதாம்பாளிடம் முடிந்தது. அவர் முதலில் சொன்னது இதுதான்:

"அடியே, இடது குளம்பு ஒருபக்கமாத் தேய்ஞ்சிருக்கே! இப்படியே விட்டா இடுப்பு பிடிச்சுக்கும்."

இடுப்பு அவளுக்கு ஏற்கெனவே பிடித்துத்தான் இருந்தது. அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டு, காலை மடியில் ஏந்திச் சீவினார். குதிரையிடம் கேட்ட அதே குரலில், "வலிக்கிறதா?" என்றார். வலிக்கவில்லை. "கொஞ்சம்" என்றாள்.

அதோடு எரிச்சல் ஆறியது என்று நினைத்தால், பொறாமையின் குணம் தெரியவில்லை என்று அர்த்தம். இப்போது யாருக்கு முதலில் என்ற பிரச்சினை வந்தது. "அது வாயில்லா ஜீவன்டி" என்று அவர் கஸ்தூரியிடம் போவார். "வாய் இருந்து நான் என்னத்தைக் கண்டேன்?" என்பாள் அவள். கஸ்தூரியும் லேசுப்பட்டதல்ல. பெஞ்சில் வேலை நடக்கும் நேரத்தில் வாளியை உதைத்துக் கவிழ்க்கும்.

உறவுக்காரர்கள் சிக்கபேட்டையிலிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். அவர் நாடி பார்த்தார், குளம்பைத் தட்டிப் பார்த்தார், கொல்லையை எட்டிப் பார்த்தார். குதிரை இந்த வீட்டை விட்டுப் போனால் அடுத்த அமாவாசைக்குள் விரல்கள் வந்துவிடும் என்றார். வைத்தீஸ்வரன் அன்று மோர்சாதத்தை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை தலைப்பாகைகூடக் கட்டாமல் கஸ்தூரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விற்கக் கிளம்பினார். கண் சிவந்திருந்தது.

ஜகதாம்பாள் வாசற்படியில் நின்றாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோமேஸ்வரரிடம் அவள் கேட்டது இதைத்தான். குதிரையா நானா என்று வந்தால் நான்தான் என்று ஆகவேண்டும். ஆகிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரல்கள் வந்துவிடும். வந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். தெருவெல்லாம் அதிர ஓடிக் கயிற்றைப் பிடுங்கினாள்.

"வாயில்லா ஜீவனை விக்கறதாவது! உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இல்லையா?" என்றவள், குதிரையிடம் திரும்பி, "உள்ளே வாடி, சக்களத்தி" என்றாள்.

ஊர் இதைப் பெருந்தன்மை என்றது. பிரிஜெட் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கோயிலில் மட்டும் ஒரு சந்தேகம் எழுந்தது. குளம்போடு சன்னிதிக்குள் வரலாமா? அர்ச்சகர் யோசித்து, லாடம் அடித்திருந்தால் வாசலில் கழற்றவேண்டும், அடிக்காதவரை அது வெறுங்கால்தான் என்று தீர்ப்புச் சொன்னார். பிரதட்சிணத்தின்போது முன்னால் போகிறவர்கள் சத்தம் கேட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கஸ்தூரி 1919இல் கிழப்பருவம் எய்திச் செத்தது. ஜகதாம்பாள்தான் அதிகம் அழுதாள். விரல்கள் திரும்பும் என்று தெரு அமாவாசைவரை காத்திருந்தது. குளம்புகள் அப்படியே இருந்தன. துக்கம் கொஞ்சம் அடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் காலை மடியில் வைத்துச் சீவிக்கொண்டே, புதுக் குதிரை ஒன்று பார்க்கவேண்டும் என்றார் வைத்தீஸ்வரன்.

"பாருங்கோ" என்றாள் ஜகதாம்பாள். "ஆண் குதிரையாப் பாருங்கோ."

சரி என்று சொல்லிவிட்டு, அவர் அரத்தை எடுத்து வலது குளம்பை ராவ ஆரம்பித்தார்.