குட்டியை அனுப்பாதீங்க

பெரியவள் அறைக்குள் பாடம் படிக்கிறாள் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். அவளோ, குடிப்பவர்களின் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் இணையதளத்தில், முகம் தெரியாத ஓர் ஆலோசகரிடம் தன் மனக்குமுறலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"கார் சாவி எங்கடி?" கூடத்தில் அம்மாவின் குரல் குழறியது.

பெரியவள் ஆலோசகருக்கு அவசரமாகத் தட்டச்சு செய்தாள். தங்கை குட்டிக்கு நீச்சல் வகுப்பு முடியும் நேரம்.

"அம்மா குடிச்சிருக்காங்க. கார்ல போய் குட்டியைக் கூட்டிட்டு வரப்போறாங்க. சாவியைப் பிடுங்கிடட்டா?"

"வேண்டாம்மா, மல்லுக்கு நிக்காத, உனக்கு அடிபடும். முதல்ல குட்டியை அனுப்ப வேண்டாம்னு வகுப்புக்குச் சொல்லு. பக்கத்துல நீ நம்புற பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

"அடுத்த தெருவுல அத்தை. ஆனா அவங்களுக்கு எதுவும் தெரியாது. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார்."

கப்பலில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மானம் பெரிது.

"இதை மூடி மறைக்கிறது உன் பொறுப்பு இல்லம்மா. அத்தையைக் கூப்பிடு. அதுக்குள்ள கார் கிளம்பிட்டா போலீசுக்குச் சொல்லிடலாம். நான் இங்கேயேதான் இருக்கேன்."

அத்தையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை போனை வைத்தாள். அடுத்து நீச்சல் பயிற்சியாளர்.

"சார், குட்டியை அம்மாகூட அனுப்பாதீங்க."

"ஏம்மா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொய். இப்போதும் நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"அம்மா குடிச்சிருக்காங்க சார்."

"சரிம்மா. யார் வந்தா அனுப்பணும்?"

"அத்தை."

வெளியே கார் உறுமியது. பெரியவள் வாசலுக்கு ஓடினாள். கார் பின்னால் நகரத் தொடங்கியபோது, அத்தை தன் ஸ்கூட்டரை வெளிக்கதவுக்குக் குறுக்கே சாய்த்து நிறுத்திவிட்டு ஓரமாக வந்து நின்றாள். தலைகூட வாரியிருக்கவில்லை.

"இறங்குங்க அண்ணி."

"வண்டியை எடு. என் பொண்ணைக் கூப்பிடப் போறேன்."

"நான் கூட்டிட்டு வரேன். நீங்க இறங்குங்க."

அம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். "நீதான் போட்டுக் குடுத்தியா?"

பெரியவள் படியிறங்கி வந்தாள். "ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. அம்மா ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள். ஹாரன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. அத்தை கையை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

குட்டி ஈரத்தலையோடு, அத்தையின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி பத்திரமாக வீடு வந்தாள். விஷயம் தெரிந்த அப்பா தொலைபேசியில் குதித்தார். அத்தை விடவில்லை. "அவமானம் அப்புறம் அண்ணா, முதல்ல பிள்ளைங்க" என்றாள்.

அம்மா வெகுநாள் பெரியவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குடியும் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஒரு காலையில் புடவை மாற்றிக்கொண்டு, அறை வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டரைப் பார்க்கப் போறேன். தனியாப் போக பயமா இருக்குடி."

அத்தையைத் துணைக்கு அழைப்பதா, தானே போவதா என்று பெரியவள் யோசித்தாள். பிறகு அத்தையும் அவளும் இருவருமே அம்மாவோடு போனார்கள்.